சாரி சொல்லாதீங்கப்பா!

ஆகஸ்ட் 5
பழைய கோர்ட் விசாரணை வீடியோ மூணு மணி நேரம் பார்த்தேன். செம்ம! கவனக்குறைவுன்னா நாலே கேள்விதான். ஜாக்கிரதையா இருக்கவேண்டிய கடமை இருந்துச்சா? மீறினாங்களா? அதனாலதான் அடிபட்டுச்சா? நிஜமாவே நஷ்டமா? நாலும் ஆமான்னாதான் கேஸ் நிக்கும். எல்லாரும் பாடகருக்கு ரசிகை, நான் ஜட்ஜுக்கு. அப்பா எட்டிப் பார்த்துட்டு, "ஜட்ஜு போஸ்டர் கிடைக்குமான்னு பாக்கட்டுமா கண்ணு?"ங்குறார்.

ஆகஸ்ட் 9
நாரிஸ் அங்கிள் விழுந்துட்டார். எங்க தோட்டத்துக்கும் அவர் தோட்டத்துக்கும் நடுவுல பொதுப்பாதை. அப்பா தண்ணி பைப்பைக் குறுக்க போட்டுட்டு டீ போடப் போயிட்டார். அவர் ரெண்டு கையிலயும் வாளியோட வந்து... வலது மணிக்கட்டு முறிஞ்சுபோச்சு. யார் தோட்டத்து லீக் பூண்டு பெருசுன்னு வருஷா வருஷம் நடக்குற போட்டிக்கு இன்னும் அஞ்சே வாரம். எங்க ஆஷிங்டன் ஊர்ல இதைவிடப் பெரிய துக்கம் கிடையாது.

அப்பா "நாரிஸ், சா—"ன்னு ஆரம்பிச்சார். கையைப் பிடிச்சு இழுத்துட்டேன். "சொல்லாதீங்கப்பா! சொன்னா தப்பை ஒத்துக்கிட்ட மாதிரி!"

விளக்குக் கம்பத்துல இடிச்சாக்கூட கம்பத்துக்கு சாரி சொல்ற மனுஷன். வாயை மூடிக்கிட்டார்.

ஆகஸ்ட் 14
அப்பா சரியா சாப்பிடுறதில்ல. "முப்பது வருஷம் பக்கத்துப் பக்கத்து மண்ணு. போய்ப் பாத்துட்டு வரட்டுமா?"

"போனா பேசுவீங்க. பேசினா உளறுவீங்க."

கீழ பாக்காம நடந்தது நாரிஸ் அங்கிள் தப்பும்தானே? கோர்ட்ல பங்கு பிரிப்பாங்க, முப்பது சதவீதம் அவர் மேலன்னு விளக்கினேன். "என் சிநேகிதனை சதவீதமா வெட்டாத"ன்னு எழுந்து போயிட்டார்.

கடுப்பா இருக்கு. காப்பாத்தத்தானே பாக்குறேன்?

ஆகஸ்ட் 23
நாரிஸ் எதிர்ல வந்தார், கையில கட்டு. அப்பாவை இழுத்துக்கிட்டு தெருவைத் தாண்டிட்டேன். பின்னாலயிருந்து அப்பாவைப் பாத்துக் கத்துறார்: "ஏன்டா கிளென், உடைஞ்சது என் கையா, உன் நாக்கா?"

ஆகஸ்ட் 30
நஷ்டஈடு கேட்டு நாரிஸோட வக்கீல் லெட்டர் வந்துருச்சு. சொன்னேன்ல! அப்பா படிக்கவே இல்ல. அதுல நாரிஸ் பேர் இருந்த இடத்தை மட்டும் விரலால தொட்டார்.

செப்டம்பர் 4
இணையத்துல சட்டப் பைத்தியங்க கூடுற இடத்துல எல்லாத்தையும் பெருமையா எழுதினேன். ஒருத்தர் ஒரே வரி: "2006 சட்டம் படிச்சியா?"

படிச்சேன். மன்னிப்புக் கேக்குறது மட்டுமே கவனக்குறைவை ஒத்துக்கிட்டதா ஆகாது. இங்கிலாந்துச் சட்டம். நான் பொறந்த வருஷம் வந்தது! இதுவரைக்கும் மொத்தமா முந்நூறு மணி நேரம் வீடியோ பார்த்தவ இந்த ஒத்த வரியைப் பாக்கல.

அப்பா என் பேச்சை நம்புவார்னு தெரியும் — கடமை. சரிபாக்காம சொன்னேன் — மீறல். அதனாலதான் அவர் வாய் மூடுச்சு. நஷ்டம்? சமையலறையில உக்காந்திருக்கு, முன்னாடி டீ ஆறிக் கிடக்கு.

நாலும் ஆமா. ஐயோ.

செப்டம்பர் 5
அப்பாகிட்ட சொன்னேன். திட்டுவார்னு நின்னா, பாதியிலயே கிளம்பிட்டார். ஒரு கால்ல ஷூ, ஒரு கால்ல செருப்பு. பின்னாடியே ஓடினேன்.

"சாரிடா நாரிஸ். பைப்பைப் போட்டது நான்தான்."

"கீழ பாக்காதது நான்டா."

"முழுத் தப்பும் என்னோடது."

"வாயை மூடு, என்னோடது!"

மொத்தம் இருநூறு சதவீதம். எந்த ஜட்ஜும் பிரிக்க முடியாது.

"அப்புறம் எதுக்குடா வக்கீல் லெட்டர்?"

"நீ தெருவைத் தாண்டிப் போனியே, அதுக்கு."

நானும் சாரி அங்கிள்னேன். எல்லாம் நான் சொல்லித்தான்னேன். என்னை மேலயும் கீழயும் பார்த்தார். "உனக்கு எத்தனை சதவீதம் வக்கீலம்மா?"

அப்பவே கேஸ் வேணாம்னு வக்கீலுக்கு இடது கையால ஃபோன் போட்டார்.

செப்டம்பர் 13
போட்டி. ஒத்தைக் கையால லீக் கழுவ முடியாதுல்ல, நாரிஸோடதையும் அப்பாதான் கழுவித் துடைச்சு மேசையில வெச்சார். "வேர்ல மண்ணு இருக்குடா, கவனக்குறைவு, கவனக்குறைவு!"ன்னு நாரிஸ் ஊருக்கே கேக்குற மாதிரி. அவருக்கு மூணாவது. அப்பாவுக்கு அஞ்சாவது.

அப்பா ரெண்டு தட்டு சாப்பிட்டார்.

செப்டம்பர் 14
பைப்பைச் சுருட்டி ஆணியில மாட்டிட்டு வந்தேன். பாதி வழியில திரும்பிப் போய் இன்னொரு தடவை பார்த்தேன்.