மூணாவது பிளேடை முடுக்கினேனா, அத்தான்?

பாசமுள்ள அத்தானுக்கு,

நீங்க போன இடத்துலயும் ஒரு மரப்பட்டறை இருக்கும், அதுல நீங்க சும்மா உக்காந்திருக்க மாட்டீங்கன்னு நம்பி இதை எழுதுதேன்.

நீங்க போய்ச் சேர்ந்து ரெண்டு வருஷம் ஆச்சு. பேப்பர்ல உங்க போட்டோவைப் போட்டு நாலு வரி கண்ணீர் அஞ்சலி போடுவோம்னு அக்கா சொன்னா. நாலு வரியில அடங்குற ஆளா நான்? நானே எழுதுதேன்னுட்டேன். எட்டாம் வகுப்பு வரைக்கும்தான் படிச்சேன். ஆனா அந்த எட்டை முடிக்க நான் எடுத்துக்கிட்ட வருஷத்துக்கு இன்னொருத்தன் காலேஜையே முடிச்சிருப்பான்.

முதல்ல சேதி. உங்க மக செண்பகம் ராஜபாளையம் பட்டறையை மூடலை. கதவு, ஜன்னல்னு வேலை வந்துக்கிட்டே இருக்கு. கையால இழைச்சு மாளலை, ஒரு பழைய பிளேனர் மெஷின் கிடைச்சா நல்லதுன்னா. "பழசைப் பார்த்து வாங்க ஆள் வேணுமே மாமா"ன்னு இழுத்தா. ஏட்டி, ஆளு உன் முன்னாடிதான நிக்கேன்னு நெஞ்சைத் தட்டினேன். மில்லுல முப்பது வருஷம் மெஷினோடயே குடும்பம் நடத்தினவன்லா நான்! அங்க எனக்கு எண்ணெய் போடுற வேலைதான்னு உங்களுக்குத் தெரியும். அதை இப்பக் கிளப்பாதீங்க.

ஸ்ரீவில்லிபுத்தூர்ல எங்க வீட்டுக்கு மூணு தெரு தள்ளி ஞானமுத்து அண்ணாச்சின்னு ஒரு ஆசாரி. முட்டி வலின்னு தொழிலை விட்டுட்டு மெஷினை விக்கப் போறார்னு கேள்விப்பட்டுப் போனேன். மரத்தை வச்சுத் தள்ளுற பெட்டு மேல ஸ்டீல் ஸ்கேலை நிமித்தி வச்சு, குனிஞ்சு, அடியில வெளிச்சம் தெரியுதான்னு பார்த்தேன். தலைமுடி அளவு கூட இல்லை. பெல்ட்டைக் கழட்டிட்டு, பிளேடு பூட்டுற உருளையைக் கையால சுத்திவிட்டு, ஸ்குரூடிரைவர் பிடியைக் காதுல வச்சுக் கேட்டேன். ஒரு பக்கத்து பேரிங் நறநறன்னு பல்லைக் கடிச்சுது. "அண்ணாச்சி, இது ரொம்ப நாள் தாங்காது"ன்னேன். "டாக்டர் மாதிரில்லா பாக்கீங்க!"ன்னு அசந்துட்டார். அவர் ஒரு தடவைதான் சொன்னார். ஊருக்குள்ள நான் கொஞ்சம் கூடுதலா சொல்லியிருக்கேன்.

அம்புட்டும் பழைய மெஷின் பார்க்கப் போற இடத்துல நீங்க செஞ்ச வித்தை அத்தான். பக்கத்துல நின்னு வெத்தலை போட்டதுதான் நான்.

மெஷினை வாங்கி, வண்டியில ஏத்தி ராஜபாளையம் கொண்டுபோனோம். மண்ணெண்ணெயும் உப்புத்தாளும் வச்சுத் துருவைத் தேச்சேன். பேரிங், பெல்ட் எல்லாம் புதுசு போட்டேன். பிளேடு மூணையும் சாணை பிடிச்சாச்சு. வியாழக்கிழமை சாயங்காலம் பூட்டுற வேலை. ஒவ்வொரு பிளேடுக்கும் அஞ்சு போல்ட். முதல்ல லேசாப் பிடிக்க வச்சு, பெட்டு மேல ஒரு மரக்குச்சியை வச்சு, உருளையைக் கையால திருப்பணும். மூணு பிளேடும் குச்சியை ஒரே தூரம் இழுத்துட்டுப் போனா உயரம் சரி. பொறவுதான் போல்ட்டை அழுத்தி முடுக்கணும். அது எனக்கு மறக்கலை.

வாசல்ல ஆறு பேர் வேடிக்கை பார்க்க வந்து நின்னாங்க. ஆறு பேரைப் பார்த்தா என் வாய் சும்மா இருக்குமா? மில்லுல பத்து ஆள் தூக்க வேண்டிய மோட்டாரை நான் ஒத்தை ஆளாத் தூக்கின கதையை எடுத்தேன். முதல் பிளேடை முடுக்கும்போது கதை ஆரம்பிச்சுது. மூணாவதுக்கு வரும்போது மோட்டார் என் இடுப்பு உயரத்துக்கு வந்துட்டு. தூக்கிக் காட்ட ரெண்டு கையும் வேணும்லா, ஸ்பேனரைக் கீழ வச்சேன். எல்லாரும் கை தட்டினாங்க. அக்கா டீயோட வந்து, "எல்லாம் முடுக்கிட்டியாலே?"ன்னா. "இரும்பா நிக்குதுக்கா"ன்னேன். மூடியைப் போட்டுட்டு பஸ் ஏறி வீட்டுக்கு வந்துட்டேன்.

மறுநாள் காலையில பல் தேச்சுக்கிட்டு இருக்கும்போது அடிச்சுது பாருங்க. மோட்டாரை இறக்கி வச்ச பொறவு நான் ஸ்பேனரை எடுத்தேனா?

கண்ணை மூடிப் பார்த்தேன். மூணாவது பிளேடை முடுக்குறது நல்லாத் தெரியுது. ஆனா மோட்டாரைத் தூக்குறதும் அதே மாதிரிதான் தெரியுது. அந்த மோட்டாரை நான் தொட்டது கூட இல்லை, அத்தான்.

ஒம்பது மணிக்கு செண்பகம் மெஷினுக்குள்ள முதல் மரத்தைக் கொடுக்கப் போறா. அந்த வேகத்துல ஒரு பிளேடு கழண்டா துப்பாக்கிக் குண்டு மாதிரி வரும். எதிர்ல நிக்கப்போறது அவ. போன் அடிச்சேன், எடுக்கலை. திரும்ப அடிச்சேன். அக்காவும் எடுக்கலை. வாயைக் கூடக் கொப்பளிக்காம ஓடிப்போய் பஸ் ஏறினேன்.

கால் ஒரு இடத்துல நிக்கலை. "அண்ணாச்சி, சீட்டு காலியாத்தான கெடக்கு, உக்காருங்களேன்"னார் கண்டக்டர். "நான் உக்காந்தா பஸ் மெதுவாப் போகும்"னேன். மம்சாபுரம் விலக்கு ஸ்டாப்புல ஒருத்தர் வாழைத்தாரை ஒண்ணொண்ணா ஏத்தினார். இறங்கித் தள்ளலாமான்னு வந்துச்சு. நான் எதைச் சொன்னாலும் நீங்க சிரிச்சுக்கிட்டே, "சரி மாப்ள, இதுல எம்புட்டு கழிக்கணும்?"னு கேப்பீங்களே. நீங்க கழிச்சுக்கிடுவீங்கன்னுதான் நான் இஷ்டத்துக்குக் கூட்டினேன். இப்ப யார் கழிக்க?

பட்டறைக்குள்ள நான் நுழையும்போது செண்பகம் மெஷினுக்குச் சந்தனம் வச்சு, மாலை போட்டிருந்தா. புது வீட்டுக்குக் கதவு செய்யச் சொல்லியிருந்த வீட்டுக்காரரும் நின்னார். வேப்பம்பலகை தயாரா இருக்கு.

"ஏட்டி, ஸ்விட்சுல கை வைக்காத!"

"என்ன மாமா, நல்ல நேரம் போகுது."

"மூணாவது பிளேடை நான் முடுக்கலை. முடுக்கினேனான்னு தெரியலை."

"நேத்து இரும்பா நிக்குதுன்னியேலே?"ன்னா அக்கா.

"சொன்னேன்க்கா. சொன்னதுதான் ஞாபகத்துல இருக்கு."

வீட்டுக்காரர் சிரிச்சுட்டார். "டாக்டர் கத்திரியை வயித்துக்குள்ளயே வச்சுத் தைச்சுட்டாரோ!"

செண்பகம் சிரிக்கலை. மெயினை அணைச்சா, மாலையை எடுத்தா, மூடியைக் கழட்டினா, ஸ்பேனரை என் கையில கொடுத்தா. முதல் பிளேடுல அஞ்சும் அசையலை. ரெண்டாவதும் அப்படியே. மூணாவதுல முதல் போல்ட் கெட்டியா இருந்துச்சு. அடுத்ததுல ஸ்பேனரை மாட்டினதும் தண்ணிக்குள்ள சுத்துற மாதிரி சுத்துச்சு. அதுக்கடுத்ததும், அதுக்கடுத்ததும், கடைசியும்.

நாலு போல்ட், அத்தான். நாலே நாலு. இதுல நான் ஒண்ணும் கூட்டலை.

வீட்டுக்காரர் ரெண்டு எட்டு பின்னால போனார். அக்கா மகளோட முந்தானையைப் பிடிச்சுக்கிட்டா. செண்பகம் என் கையில இருந்து ஸ்பேனரை வாங்கிக்கிட்டா. குச்சியை வச்சு உயரத்தை மறுபடி பார்த்து, பதினஞ்சையும் அவளே முடுக்கினா, உதட்டை அசைச்சு எண்ணிக்கிட்டே. பொறவு மூடியை மாட்டி, மெயினையும் ஸ்விட்சையும் போட்டா. பலகை உள்ள போய் கண்ணாடி மாதிரி வந்துச்சு. தடவிப் பார்க்க எனக்குத் தைரியம் வரலை.

எல்லாரும் போன பொறவு, "மாமா, இனிமே பிளேடு மாத்துறது நான். நீங்க வாசல்ல நில்லுங்க"ன்னா.

"ஒதுக்குதியாட்டி?"

"ஒதுக்கலை மாமா. பூட்டும்போது வேடிக்கை பார்க்க வந்து நின்னு எவனாவது என்கிட்ட பேச்சுக் கொடுப்பான். அவனை உங்களைத் தவிர யாரால வாசல்லயே பிடிச்சு வைக்க முடியும்?"

மூணு வாரமா மனசு இருப்புக் கொள்ளலை. பட்டறைக்குப் போற நாள்ல மெஷின் ஓடுற சத்தம் கேட்டா எழுந்து நடக்கேன். அவ நிறுத்தினாத்தான் உக்காருதேன். இது எப்பத் தீரும்னு உங்களுக்குத் தெரியுமா?

ஒண்ணு மட்டும் உறுதியாச் சொல்லுதேன் அத்தான். பிளேடு மாத்துற ஒவ்வொரு நாளும் முதல் பஸ்ஸுக்கு வந்துருவேன். மோட்டாரைத் தலைக்கு மேல தூக்குவேன், தேவைப்பட்டா மில்லையே தூக்குவேன். உங்க மக பதினஞ்சாவது போல்ட்டை எண்ணி முடிக்கிற வரைக்கும் ஒரு ஆளையும் வாசல்படி தாண்ட விடமாட்டேன்.

இப்படிக்கு,
உங்க பொண்டாட்டி கூடப்பிறந்தவன்,
உங்க மகளுக்கு வாசல் காக்கிற தாய்மாமன்