வளைவில் கேட்காத வண்டி

செப்டம்பர் 9, செவ்வாய்

இதை எடுத்தவர் யாராக இருந்தாலும் கும்பிட்டுக் கேட்கிறேன், யாரிடமும் காட்டாதீர்கள். படித்துவிட்டீர்கள் என்றால் போகட்டும். எடுத்த இடத்திலேயே, என் இயற்பியல் ரெக்கார்டு நோட்டுக்குள்ளேயே வைத்துவிடுங்கள். அப்பாவிடம் மட்டும் கொடுக்க வேண்டாம். அவர் நல்ல மனிதர், அவரிடம் கொடுத்தால் என்ன என்று உங்களுக்குத் தோன்றும். எல்லோருக்கும் அப்படித்தான் தோன்றுகிறது.

இன்று சாப்பிடும்போது அப்பா சொன்னார். "டீசல் வண்டிய தள்ளி விட்டுடலாம்னு இருக்கேன். எலக்ட்ரிக் எடுத்துடலாம். ரொம்ப பெருசா வேணாம், சின்ன எஸ்யூவியா. உண்ணாமல, நீதான் எந்நேரமும் போன்ல பாக்கறியே, எது நல்லதுன்னு பாத்து சொல்லு."

"சரிப்பா."

அம்மா ரசம் ஊற்றிக்கொண்டிருந்தாள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. நல்ல நாள்தான். தட்டு கழுவும்போதுதான் எனக்கு உறைத்தது. எலக்ட்ரிக் வண்டிக்குச் சத்தம் கிடையாது.

எங்கள் வீடு அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையை ஒட்டி. அப்பாவின் ஓட்டல் டவுனில், பெரிய கோயிலுக்குப் பக்கத்தில். அவர் எப்போது வீட்டுக்கு வருவார் என்று சொல்ல முடியாது. மதியம் வருவார், நாலு மணிக்கு வருவார், போன உடனே திரும்பியும் வருவார். ஆனால் அந்த டீசல் வண்டி வளைவில் திரும்பும்போதே கடகடவென்று சொல்லிவிடும். அது கேட் முன்னால் வந்து நிற்பதற்குள் டிவி அணைந்துவிடும். ஜன்னல் மூடிவிடும். அம்மா ரேவதி சித்தியிடம் பேசிக்கொண்டிருந்தால் அந்தச் சின்ன போன் அரிசி ட்ரம்முக்குள் போய்விடும். சித்தியோடு பேசக் கூடாது என்பது அப்பாவின் உத்தரவு.

சத்தத்தை முதலில் கேட்பது நான். அம்மாவுக்கு இடது காது கேட்காது. போன வருஷம் பொங்கலுக்குப் பிறகு. பாத்ரூமில் வழுக்கி விழுந்துவிட்டாள் என்று டாக்டரிடம் சொன்னோம். நான்தான் சொன்னேன்.

செப்டம்பர் 10, புதன்

காலாண்டுத் தேர்வு தொடங்கிவிட்டது. தமிழ். எழுதும்போது பள்ளிக்கு வெளியே ஒரு டீசல் வண்டி போனது. கை தானாக நின்றுவிட்டது.

செப்டம்பர் 12, வெள்ளி

சித்தியைப் பற்றி எழுத வேண்டும். எழுதினால் பயம் குறைகிறது.

ரேவதி சித்தி அம்மாவின் தங்கை. வேலூரில் ஓர் ஆஸ்பத்திரி லேபில் வேலை. அம்மாவின் காதுக்காக அப்பாவிடம் வந்து சண்டை போட்டவள் அவள் ஒருத்திதான். அன்றிலிருந்து அவள் எங்கள் வாசல்படி மிதிக்கக் கூடாது. எதிர்வீட்டில் கற்பூரக் கடை வைத்திருக்கும் சக்கரபாணி மாமா, யார் வந்தாலும் அப்பாவுக்குப் போன் செய்து சொல்லிவிடுவார்.

ஆனால் பௌர்ணமிக்கு யார் யார் வந்தார்கள் என்று யாரால் சொல்ல முடியும்? அன்று பாதையில் வண்டி விட மாட்டார்கள். அப்பா ஓட்டலிலேயே விடிய விடிய இருப்பார். சக்கரபாணி மாமாவுக்குக் கல்லாவிலிருந்து தலை நிமிர நேரம் இருக்காது. சித்தி நெற்றி நிறைய விபூதி பூசிக்கொண்டு, செருப்பில்லாமல், கூட்டத்தோடு கூட்டமாக மலை சுற்றி வருவாள். எங்கள் கேட் முன்னால் நின்று, "அம்மா, குடிக்கத் தண்ணி கிடைக்குமா?" என்று கேட்பாள். அம்மா சொம்போடு போவாள். அவள் குடித்து முடிக்கிற வரைக்கும் இரண்டு பேரும் பேசிக்கொள்வார்கள். சித்தி ரொம்ப மெதுவாகக் குடிப்பாள்.

போன பௌர்ணமிக்கு அவள் சொன்னது: "அடுத்த மாசம் தண்ணி கேக்க வர மாட்டேன்க்கா. கூட்டிட்டுப் போகத்தான் வருவேன்."

அம்மா சொம்பை வாங்கிக்கொண்டு உள்ளே வந்துவிட்டாள். சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை.

செப்டம்பர் 14, ஞாயிறு

ஷோரூம் வேங்கிக்கால் பக்கம். அப்பா அம்மாவுக்குக் கார்க் கதவைத் திறந்துவிட்டார். வெளியே போனால் அப்படித்தான். "பாத்து இறங்குமா, படி இருக்கு." அங்கிருந்த ஒரு அக்கா அம்மாவைப் பார்த்துப் புன்னகை செய்தாள். கொடுத்துவைத்தவள் என்று நினைத்திருப்பாள்.

வண்டி காட்டிய பையன் பெயர் ஃபைசான். நிற்காமல் பேசுகிறான். "சார், கம்பெனி நானூறு கிலோமீட்டர்னு போட்டிருப்பாங்க. நான் பொய் சொல்ல மாட்டேன், ஏசி போட்டா முன்னூறு. வேலூர் போய்ட்டு வந்து, மறுபடியும் வேலூர் போலாம். உங்க ஓட்டலுக்கு பால் கேன் ஏத்தணும்னா இந்த வெள்ளை வண்டில டிக்கி ஜாஸ்தி, அந்த நீல வண்டில கம்மி."

அப்பா சிரித்தார். குனிந்து அடியில் உயரம் பார்த்தார். பேட்டரிக்கு எத்தனை வருஷம் வாரண்டி, வீட்டு மீட்டரில் லோடு ஏற்ற வேண்டுமா, எல்லாம் கேட்டார். அம்மாவைப் பின் சீட்டில் உட்காரச் சொன்னார். "உனக்கு வசதியா இருக்காமா?"

"இருக்குங்க."

ஃபைசான் பின்கதவு ஓரத்தில் ஏதோ ஒரு பொத்தானைத் திருப்பிக் காட்டினான். "இது சைல்டு லாக் சார். உள்ள இருந்து திறக்க முடியாது."

"பெரியவங்களுக்கும் வேல செய்யுமா?"

"அதுக்கு ஏஜ் தெரியாது சார்." இரண்டு பேரும் சிரித்தார்கள்.

பிறகு போனிலிருந்தே வண்டியைப் பூட்டலாம் என்று காட்டினான். அப்பா போனை வாங்கி அழுத்தினார். டிக் என்று பூட்டியது. திறந்தது. பூட்டியது. அம்மா உள்ளேயே இருந்தாள். மடியில் கை வைத்துக்கொண்டு, கண்ணாடி வழியாக என்னைப் பார்த்துக்கொண்டு. நான் வேறு பக்கம் பார்த்தேன். ஏன் பார்த்தேன்?

ஓட்டிப் பார்க்கும்போது அப்பா சொன்னார், "கேக்குதா? ஒண்ணுமே கேக்கலல்ல? வூட்டு வாசல்ல வந்து நின்னாகூட உங்களுக்குத் தெரியாது." அவர் வேண்டுமென்றே சொல்லவில்லை. வண்டி பிடித்துப்போய்ச் சந்தோஷத்தில் சொன்னார். அப்படித்தான் நினைக்கிறேன்.

செப்டம்பர் 16, செவ்வாய்

பெட்ரோல் வண்டியையே எடுத்துவிடலாமே என்று சொல்லிப் பார்த்தேன். இருபத்திரண்டாம் தேதியிலிருந்து சின்ன வண்டிகளுக்கு வரி குறைகிறது, சார்ஜ் போடும் தொல்லையும் கிடையாது என்றேன். தயார் செய்துகொண்டுதான் பேசினேன், கட்டுரைக்குக் குறிப்பு எழுதுவது போல.

அப்பா சாப்பிடுவதை நிறுத்தினார். "நான் கேட்டது எந்த எலக்ட்ரிக்னு. எலக்ட்ரிக் வேணுமா வேணாமான்னு கேட்டனா?"

"இல்லப்பா."

"அப்புறம் ஏன்?"

அம்மா அவர் இலையில் அப்பளம் வைத்தாள், அவர் பார்வை இலைக்குப் போக வேண்டும் என்பதற்காக. போனது.

செப்டம்பர் 19, வெள்ளி

கிடைத்துவிட்டது. மெதுவாகப் போகும்போது சில எலக்ட்ரிக் வண்டிகள் தாமாகவே ஒரு சத்தம் எழுப்புமாம். நடந்து போகிறவர்கள் ஒதுங்குவதற்காக. நாங்கள் பார்த்ததில் வெள்ளை வண்டிக்கு அது இருக்கிறது, நீல வண்டிக்கு இல்லை. ஒருவர் வீடியோவில் ஓட்டிக் காட்டினார். மந்திரம் முணுமுணுப்பது மாதிரி ஒரு சத்தம். போர்வைக்குள் இருபது முறையாவது கேட்டிருப்பேன்.

அப்பாவிடம் எப்படிச் சொல்வது? அவருக்குப் பிடித்த வழியில்தான் சொல்ல வேண்டும்.

செப்டம்பர் 21, ஞாயிறு

சொன்னேன். "நம்ம ரோட்ல தினமும் ஜனங்க சாமி பேர சொல்லிட்டு நடக்கறாங்கப்பா. பின்னால வண்டி வர்றது தெரியலன்னா யாராவது குறுக்க வந்துடுவாங்க. வெள்ளை வண்டின்னா சத்தம் குடுக்கும்."

அப்பா யோசித்தார். "கரெக்டு. மல சுத்தறவங்க மேல இடிச்சா அந்தப் பாவம் ஏழு ஜென்மத்துக்கும் தீராது." ஷோரூமுக்குப் போய் வெள்ளை வண்டிக்கே பணம் கட்டிவிட்டார். ஃபைசானிடம் என் முதுகைத் தட்டிக் காட்டினார். "எம் பொண்ணு செலக்‌ஷன்."

அவர் கை பட்டதும் தோள் தானாகச் சுருங்கியது. நல்லவேளை, ஃபைசான் பார்க்கவில்லை. அப்பா பார்த்தார்.

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. வண்டி வந்துவிட்டது. சந்தனம், குங்குமம், மாலை. சக்கரம் ஏறி நாலு எலுமிச்சம்பழமும் நசுங்கின. சக்கரபாணி மாமா பூசணிக்காய் உடைத்துவிட்டு அப்பாவிடம் சொன்னார். "குமரேசா, வண்டி உள்ள வந்ததே தெரியலப்பா. பூன மாதிரி வருது." தெருவே சிரித்தது.

அந்தச் சத்தம் இருக்கிறது. ஆனால் வண்டி ஊர்ந்து போகும்போது மட்டும்தான். வளைவில் அப்பா வேகமாகத்தான் திரும்புகிறார், அங்கே ஒன்றுமே கேட்பதில்லை. கேட்டுக்குப் பக்கத்தில் வந்த பிறகுதான் முணுமுணுக்கிறது. ஃபேன் ஓடினால் அதுவும் இல்லை. நான் ஹாலில் நின்று பார்த்தேன், சமையலறையில் நின்று பார்த்தேன். அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். உதட்டைப் பிதுக்கிக் காட்டினேன். புரிந்துகொண்டாள்.

ஆனால் இன்னொன்று நடந்தது. வண்டிக்கான ஆப்பை அப்பா என்னையே போடச் சொன்னார். "உன் போன்லயும் ஏத்திக்க. சார்ஜ் எவ்ளோ இருக்குன்னு நீதான் பாத்து சொல்லணும், என்னா?" அதில் சார்ஜ் தெரிகிறது. வண்டி நிற்கும் இடமும் தெரிகிறது, வரைபடத்தில் ஒரு நீலப் புள்ளியாக. சாயங்காலம் அவர் கிளம்பிப் போனதும் பார்த்தேன். புள்ளி மெல்ல மெல்ல நகர்ந்து ஓட்டலுக்குப் பின்னால் போய் நின்றது.

அதைப் பார்த்து அழுதுவிட்டேன். சத்தத்தைவிட இது நல்லதல்லவா?

அக்டோபர் 2, வியாழன்

இல்லை. குளிக்கும்போது யார் புள்ளியைப் பார்ப்பது?

நான் வெளியே வரும்போது அம்மா பின்கட்டில் உட்கார்ந்து, சின்ன போனை வலது காதில் வைத்துப் பேசிக்கொண்டிருக்கிறாள். கேட்காத காது வாசல் பக்கம். அவளுக்குப் பின்னால் அப்பா. கையில் வண்டிச் சாவி. எவ்வளவு நேரமாக நிற்கிறார்? எதிலிருந்து கேட்டார்?

நான் "அம்மா" என்றேன். அவள் திரும்பினாள்.

அப்பா போனை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "சாப்பாடு போடு" என்றார். சாப்பிட்டார். மோர் இன்னும் கொஞ்சம் கேட்டார். ஒன்றுமே சொல்லவில்லை, ஒன்றுமே செய்யவில்லை. அவர் அப்படி இருந்து நான் பார்த்ததே இல்லை. அடித்திருந்தால்கூட இந்த அளவுக்குப் பயந்திருக்க மாட்டேன்.

அக்டோபர் 3

இன்றும் ஒன்றும் சொல்லவில்லை.

அக்டோபர் 4, சனி

அப்பா போன பிறகு அம்மா என்னைப் பக்கத்தில் உட்கார வைத்தாள். நான் போனைக் கையில் பிடித்து, புள்ளியைப் பார்த்துக்கொண்டே கேட்டேன்.

"ரேவதி கிட்ட அன்னிக்கு போன்லயே சரின்னு சொல்லிட்டேன். திங்கக்கிழமை அவ வருவா. ஜனத்தோட ஜனமா நடந்து போய் வேலூர் பஸ்ஸ புடிச்சிடலாம். அன்னிக்கு அவர் வண்டி இந்த ரோட்ல வர முடியாது."

"அவர் கேட்டுட்டாராம்மா?"

"தெரியல."

"கேட்டிருந்தா?"

அம்மா கொஞ்ச நேரம் என் தலைமுடியைக் கோதிக்கொண்டிருந்தாள். "உங்கப்பாவ எனக்குத் தெரியும். வெளிய பத்து பேரு இருந்தா அவரு தங்கம். கதவ சாத்தினாதான் கை ஓங்குவாரு." பிறகு, "இத்தன வருஷம் கதவ சாத்தினது யாரு? நான்தான். அக்கம்பக்கத்துல கேட்டுடப் போவுதுன்னு நானே ஓடிப் போய் சாத்துவேன்."

இதை அவள் யாரிடமோ சொல்வது போலச் சொன்னாள். அழவில்லை.

அக்டோபர் 6, திங்கள், பௌர்ணமி

ரோட்டை மதியமே மூடிவிட்டார்கள். அப்பா காலையிலேயே வண்டியை எடுத்துக்கொண்டு ஓட்டலுக்குப் போய்விட்டார். போகும்போது, "சார்ஜ் பாத்துக்கோ உண்ணாமல" என்றார். சிரித்த மாதிரி இருந்தது. எனக்குத்தான் அப்படித் தோன்றியதா?

இருட்டிவிட்டது. வாசலில் கூட்டம் ஆறு மாதிரி போகிறது. காலடிச் சத்தம் மட்டும்தான், நிற்கவே இல்லை. என் மதிப்பெண் சான்றிதழ், இரண்டு சுடிதார், அம்மாவின் காது ரிப்போர்ட், எல்லாம் ஒரே துணிப்பையில். இரண்டு பேரும் விபூதி பூசிக்கொண்டோம். செருப்பு வேண்டாம் என்றாள் அம்மா. பார்ப்பவர்களுக்கு நாங்கள் மலை சுற்றக் கிளம்புகிறவர்கள்.

சித்தி இன்னும் வரவில்லை. பயம் குறையட்டும் என்றுதான் எழுதுகிறேன். இந்த நோட்டையும் பையில் போட்டுவிடுவேன்.

புள்ளியைப் பார்த்தேன். ஓட்டலுக்குப் பின்னால். நகரவில்லை.

மறுபடி பார்த்தேன். நகரவில்லை. ஆனால் இன்று அது எப்படி நகரும்? ரோடுதான் மூடியிருக்கிறதே. வண்டி அங்கேதான் நிற்கும், அவர் எங்கே இருந்தாலும். இதை நான் ஏன் யோசிக்கவில்லை? அத்தனை நாளும் வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவருக்கும் கால் இருக்கிறது. இந்தக் கூட்டத்தில் அவரும் ஒருத்தராக —

கதவு தட்டும் சத்தம்.

சித்தி தட்ட மாட்டாள். தண்ணீர்தான் கேட்பாள்.

அம்மா எழுந்துவிட்டாள். பையை ஒளிக்கவில்லை, தோளில் மாட்டிக்கொண்டு நிற்கிறாள். வாசல் லைட்டைப் போடச் சொல்கிறாள். கதவை நல்லா விரியத் திறந்து வை, இரண்டு பக்கமும், என்கிறாள். மறுபடி தட்டுகிறார். வெளியே அத்தனை ஜனம், இவ்வளவு கிட்டே —