நறுஞ்சுனை அரசியாரிடம் ஒரு குடம் அழுக்கு வேண்டி விடுத்த ஓலை

சுனைகள் வற்றாதிருக்க. மழை முறை மாறாதிருக்க. மலைமேல் வாழும் உயிர் அனைத்தும் தாகம் அறியாதிருக்க.

முகில் தங்கும் மூங்கில் வரைகளின் தலைவியும், சுனைகள் அனைத்திற்கும் உரிமையுடையவரும், நாடு சிறிதாயினும் சொல் சிறிதாகாதவருமாகிய நறுஞ்சுனைநாட்டு அரசியார் நறுவீ நங்கையார் திருமுன், மணிக்கரைநாட்டுக் கோ பெருவிறலோர் ஆணையின்படியும், அவர்தம் பேரமைச்சர் எயினங்குடியார் வேண்டுகோளின்படியும், ஓலைநாயகன் பெருஞ்சாத்தன் வணங்கி எழுதுவது.

அமைச்சர் பெயருக்கு முன்னால் வழக்கமாக அணிவகுக்கும் பட்டங்கள் இவ்வோலையில் காணப்படாமையைத் தேவியார் நோக்கியிருப்பீர்கள். எழுத்தாணி மறக்கவில்லை, அவரே வேண்டாவென்றார். ‘நான் செய்தேன்’ என்று சொல்லி எழுதுவிக்கப் பலமுறை வாயெடுத்தும் அவருக்கு நா எழவில்லை. முடிவில், தம்மை வேற்றாளாக எண்ணி அடியேனையே எழுதுமாறும், யார் எப்படிப் பேசினாரோ அப்பேச்சை மெழுகிப் பூசாது அப்படியே வைக்குமாறும் பணித்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பி அமர்ந்துகொண்டார். இன்னும் அப்படியேதான் அமர்ந்திருக்கிறார்.

செய்தியாவது: இரு நாடுகளுக்கும் இடையே இருந்த எல்லைப் பூசல் தீர்ந்த மகிழ்ச்சியில், தங்கள் சுனைகளில் மட்டுமே பிறக்கும் செவ்வரிக் கெண்டைகளை எங்கள் பேரவைக்கு நட்புப் பரிசாக அளிக்கத் திருவுளம் கொண்டீர்கள். அவை வாழ்வதற்குரிய தொட்டியின் அமைப்பையும் முன்கூட்டியே வரைந்து அனுப்பினீர்கள். எங்கள் கல்தச்சர் அதை அணுவும் பிசகாது கட்டினர். பேரவையின் கீழைச் சுவர் நெடுகப் பளிங்குப் பலகையால் மேல்தொட்டி. அதன் விளிம்பில் மிகுநீர் வழிய ஒரு வாய். வழிந்த நீர் விழுவதற்குத் தரைக்கடியில் கீழ்த்தொட்டி. கீழ்த்தொட்டியை மூன்று அறைகளாகத் தடுத்து, முதலறையில் குப்பையைப் பிடிக்கத் தேங்காய் நாரும், நடுவறையில் கூழாங்கற்களும் இட்டு, கடையறையில் தேங்கும் நீரைக் கால்வாய்ச் சக்கரத்தால் மீண்டும் மேலே இறைத்தார்கள்.

தொடக்கத்தில் ஒரு சிறு விபத்து நேர்ந்தது. நிறைந்திருப்பதே அழகு என்று அமைச்சர் கீழ்த்தொட்டியைத் தளும்பத் தளும்ப நிரப்பிவைக்க, சக்கரம் நின்ற ஒருநாள் மேலிருந்த மிகுநீரும் இறங்கிவந்து, அவையெங்கும் பரவி, கோவின் பாதங்களை நனைத்தது. மேலிருந்து வருவதை ஏற்கக் கீழே எப்போதும் சற்று வெற்றிடம் வேண்டும் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டோம். அமைச்சரின் தலைக்குள்ளும் அப்படிச் சற்று வெற்றிடம் இருந்திருந்தால் இவ்வோலைக்கு வேலை இருந்திராது. இவ்வரியை அவருக்குப் படித்துக் காட்டினேன். அதை நீக்க வேண்டாம் என்றார்.

பின்னர்த் தங்கள் தம்பியார் இளங்கோ செந்நாகனார், ஈரத்துணி சுற்றிய பானைகளில் மீன்களைக் கொண்டுவந்தார். அவற்றோடு பட்டுத்துணியால் வாய் கட்டிய ஒரு குடத்தையும் தம் கையாலேயே ஏந்திவந்தார். பட்டைக் கண்ட அமைச்சர், உள்ளே மணியோ முத்தோ இருக்குமென எண்ணி, அவையோர் அனைவரும் காணும்படி அதைத் தட்டில் கவிழ்க்கச் செய்தார். விழுந்தவை கறுத்து வழுவழுத்த கூழாங்கற்கள். குளத்துச் சேற்றின் வாடை அவை முழுதும் பரவியது. அடக்கமாட்டாமல் யாரோ சிரித்தார்கள். அச்சிரிப்புத் தம்மை நோக்கியது என்று அமைச்சர் எண்ணிவிட்டார். வினை அங்கேதான் பிடித்தது.

தங்கள் தம்பியார் முகம் வாடாமல் சொன்னது இது: “அக்கா அவங்க தொட்டியிலேருந்து கையாலயே அள்ளிக் குடுத்தது. கழுவிடாதீங்க. கீழ்த்தொட்டிக் கல்லோட அப்படியே கலந்துவிடுங்க. மீன் பிழைக்கிறதே இந்த வழுவழுப்புல குடியிருக்கிற உயிராலதான்.”

அதற்கு அமைச்சர் சொன்னது: “எங்க நாட்டுல அழுக்குக்குப் பஞ்சமா, மலையிலேருந்து வாங்கி வைக்க?”

அவை மீண்டும் சிரித்தது. இம்முறை தமக்காகச் சிரிக்கிறார்கள் என்ற மகிழ்ச்சியில் அமைச்சர் மேலும் ஓரடி சென்றார். கற்களை முற்றத்து வடிகாலில் கொட்டச் செய்தார். அக்குடத்தில் பாத்திரம் துலக்கும் சாம்பலையும் புளியையும் நிரப்பி, அதே பட்டால் வாய் கட்டி, தங்கள் நாட்டுக்கு இவை தேவைப்படும் என்று கூறித் தம்பியார் கையிலேயே கொடுத்தனுப்பினார். இளங்கோ அதை வாங்கிக்கொண்டார். தொட்டியருகே சென்று மீன்களைச் சிறிது நேரம் பார்த்துவிட்டுக் குடத்துடன் வெளியேறினார். அந்தப் பார்வையின் பொருள் அன்று எங்களில் ஒருவருக்கும் விளங்கவில்லை.

அமைச்சர் நடுவறையில் முன்பு இட்ட கற்களையும் மாற்ற எண்ணி, வெள்ளைக் கற்களைப் பொறுக்கியெடுத்து, உவர்மண் இட்டுத் தேய்ப்பித்து, வெந்நீரில் அவிப்பித்து, வெயிலில் உலர்த்தி இட்டார். நீர் அங்கே இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்கும்படி தெளிந்திருந்தது. ஊரே வந்து வியந்தது. ஒரு கிழமை ஆவதற்குள் மீன்கள் இரையைத் திரும்பியும் பாராமல், மேல்மட்டத்தில் வாய் பிளந்து தொங்கின. செவுள்கள் புண்போலச் சிவந்தன. சில செத்து மிதந்தன. எங்கோ அழுக்கு நுழைந்துவிட்டது என்று முடிவுசெய்த அமைச்சர் கற்களை எடுத்து மீண்டும் அவிப்பித்தார். மேலும் பல மீன்கள் செத்தன. நாரையும் எரித்துப் புதுநார் வைத்தார். அதன்பின் சாவு நாள்தோறும் நிகழ்ந்தது. அவர் தேய்க்கத் தேய்க்க அவை மாய்ந்தன. அவை மாய மாய அவர் இன்னும் தேய்ப்பித்தார். செத்தவற்றையும் செத்ததாகத் தோன்றியவற்றையும் ஏவலர் வாளியில் அள்ளி வடிகாலில் எறிந்தார்கள்.

சென்ற கிழமை பெருமழை ஓய்ந்த காலையில், பேரவைக்குச் செல்லும் வழியில் அமைச்சர் வடிகாலைத் தாண்டக் கால் தூக்கினார். தூக்கிய கால் அப்படியே நின்றது. கலங்கிய நீரில், பாசி பிடித்த கற்களின் நடுவே, ஒரு செவ்வரிக் கெண்டை வால் வீசி இரை தேடிக்கொண்டிருந்தது. அதனருகே இன்னொன்று. செத்ததென்று தாம் எறியச் சொன்னவை தாம் கொட்டச் சொன்ன கற்களின் நடுவில் பிழைத்திருந்தன. மீனின் கழிவே மீனுக்கு நஞ்சாகும் என்பதும், கண்ணாடிபோல் தெளிந்த நீரிலும் அந்நஞ்சு கரைந்திருக்கும் என்பதும், அதைத் தின்று தீர்க்கும் கண்ணுக்குப் புலப்படாத உயிர்கள் கல்லின் வழுவழுப்பில்தான் குடியிருக்கின்றன என்பதும், அவற்றைத்தான் தாம் திரும்பத் திரும்ப வெந்நீரில் கொன்றோம் என்பதும் அவருக்கு அவ்விடத்திலேயே விளங்கின. தங்கள் தம்பியார் சொன்ன சொல் ஒவ்வொன்றும் காதில் திரும்ப ஒலித்தது என்று பின்னர்ச் சொன்னார்.

பேரமைச்சர் பட்டாடையோடு வடிகாலில் முழந்தாளிட்டார். காவலர் கண்டனர், அங்காடிக்குச் செல்வோர் கண்டனர், கோவும் மாடத்திலிருந்து கண்டார். கோ இறங்கிவந்து, வடிகாலின் விளிம்பில் நின்று மீன்களைப் பார்த்தார். பிறகு அவர் சொன்னது: “எயினங்குடியாரே, மானம் போனது போகட்டும். மீனைப் போகவிடாதீர். எழுதும்.”

அமைச்சர் எழுதத் துணிய மேலும் மூன்று நாள் ஆயிற்று. வெட்கத்துக்கு அத்தனை எடை இருக்கும் என்று அடியேனும் எதிர்பார்க்கவில்லை.

இன்றைய நிலை இது. தேவியாரின் பரிசில் எஞ்சியவை யாவும் இப்போது வடிகாலில் வாழ்கின்றன. பேரவையின் பளிங்குத் தொட்டி துலக்கிவைத்த பாத்திரம்போல் வெறுமையாய் மின்னுகிறது. அதைக் கடக்கும்போதெல்லாம் அமைச்சர் தலையைக் குனிந்துகொள்கிறார். கற்களில் பெரும்பகுதியை மழை அடித்துச் சென்றுவிட்டது. மிஞ்சியவை இரு கை அளவே. அவை பெருந்தொட்டிக்குப் போதா. மழைக்காலமோ முடிகிறது. வடிகால் வற்றுமுன் கீழ்த்தொட்டிக்கு உயிர் வராவிடில், தங்கள் சுனைமீன் ஒன்றுகூட எங்கள் நாட்டில் மிஞ்சாது.

ஆகவே வேண்டுவதாவது: தங்கள் தொட்டியின் கற்களில் ஒரு குடம், கழுவாமல், ஈரம் உலராமல், தந்தருள வேண்டும். யார் கையில் அனுப்பினும் ஏற்போம். என்ன ஏசி அனுப்பினும் தகும். எயினங்குடியார் வெறுங்காலோடு எல்லைக்கு வந்து அக்குடத்தைத் தம் தலையில் ஏற்று, பகலில், அங்காடித் தெருவின் வழியே பேரவைக்குச் சுமந்து வருவார். அன்று சிரித்த அவையோர் அனைவரும் எழுந்து நின்று அதை எதிர்கொள்வர்; இது கோவின் ஆணை. இளங்கோ செந்நாகனார் உடன்வர இசைந்தால், அவர் முன்னிலையில் கற்கள் நடுவறையில் இடப்படும். இசையாவிடில் அதன் காரணம் எங்களுக்குத் தெரியும்.

அன்று அனுப்பிய சாம்பலும் புளியும் இன்னும் தங்களிடம் இருப்பின் அவற்றையும் திருப்பியனுப்புமாறு அமைச்சர் இரக்கிறார். துலக்க வேண்டிய நாக்கு ஒன்று இங்கே இருப்பதாகக் கூறுகிறார்.

இங்ஙனம் கோ பெருவிறலோர் திருவாணையால் எழுதி, படித்துக் காட்டி, பேரமைச்சர் தம் கணையாழியால் இலச்சினை இட்டது.

இலச்சினையின் ஓரத்தில் பச்சைக் கறை ஒன்று படிந்திருப்பதைத் தேவியார் காண்பீர்கள். இலச்சினை இடுமுன் அமைச்சர் வடிகாலுக்குச் சென்று மீன்களைப் பார்த்துவிட்டு ஈரக் கையோடு வந்தார். அரசியார் திருமுன் செல்லும் ஓலையாயிற்றே என்று அடியேன் துணியெடுத்துத் துடைக்கப் போனேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“கழுவிடாதீங்க” என்றார்.