மரத்தூள் டிரம்மில் உன் கிண்ணம்

2025 பிப்ரவரி 9, ஞாயிறு, காலை 7.40. டிரம்முக்குள் ஆறு பாண்டங்கள். ஐந்து என்னுடையவை, ஒன்று நீ செய்த கிண்ணம்.

மச்சான்,

மேனாம்பேட்டில் உங்கள் வீட்டு மொட்டை மாடியில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். நேற்றுக் காலை பற்றவைத்த மரத்தூள் புகைந்து அடங்கிவிட்டது. வாசனை மட்டும் சட்டையை விடவில்லை. டிரம் இன்னும் சுடுகிறது. இப்போது திறந்தால் குளிர்காற்று பட்டு விரிசல் விடும். கை சும்மா இருந்தால் திறந்துவிடுவேன். அதனால்தான் இந்த மடல்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் நமக்கு ஒரே கம்பெனி. நான் இரும்பைச் சூடேற்றிக் கடினமாக்கும் பிரிவு, நீ பர்ச்சேஸ். போனில் வீடியோ பார்த்துத்தான் மண் பிசைய ஆரம்பித்தோம். முதல் முறை செங்கல் அடுப்பில் கரி போட்டுச் சுட்டோம். குவளை செக்கச்செவேலென்று ஆனதும், கம்பெனியில் கியரை முக்குவதுபோல, இடுக்கியால் எடுத்து வாளித் தண்ணீரில் முக்கினேன். படாரென்று சிதறியது.

"டேய், கியர் வீலா இது?" என்று கத்தினாய்.

"வெந்துச்சா இல்லையான்னு உடனே தெரியணும்டா."

"தெரிஞ்சிடுச்சா?"

கீழிருந்து உன் அம்மா, "இன்னாடா சத்தம்?" என்றார்கள்.

"ஒண்ணுமில்லமா, இவன் இன்ஜினீயருமா!"

அடுத்த வாரமே பாடியில் மரம் அறுக்கும் மில்லிலிருந்து ஒரு மூட்டை மரத்தூளும் பழைய டிரம்மும் கொண்டுவந்தாய். "இதுல உனக்கு வேலையே இல்ல. தானா எரியும், தானா ஆறும். நீ போய் டீ குடி." எனக்கு எரிச்சல்தான். மறுநாள் பாதி கறுப்பும் பாதி சிவப்புமாகப் பாண்டங்கள் வெளியே வந்தன. "கணக்குப் போட்டா இந்தக் கலர் வருமாடா?" என்று கேட்டாய். வராது.

ஆடியில் காய்ச்சலென்று ஆஸ்பத்திரிக்குப் போன நீ திரும்பவில்லை. நீ கடைசியாகச் செய்து காயவைத்த கிண்ணம் உங்கள் வீட்டு ஃப்ரிட்ஜ் மேலேயே இருந்தது. சுடாத மண், தண்ணீர் பட்டால் கரைந்துவிடும். சுட்டால் வெடிக்கலாம். நீ செய்ததில் மிச்சம் அது ஒன்றுதான். எனக்குத் தொடவே பயம். பொங்கலுக்கு நான் வந்தபோது அம்மாதான் எடுத்துக் கையில் கொடுத்தார்கள்.

"சுட்டுக் குடு நைனா. பூண்டு போட்டு வெக்கத்தான் அவனச் செய்யச் சொன்னேன். பச்சையா வெச்சி பாத்துகினே கீறதுக்கா?"

"ஒடஞ்சிடுச்சுன்னா?"

"ஒடஞ்சா உன்ன இன்னா தூக்குலயா போடப் போறேன்? சுடு."

மணி 11.15. டிரம் ஆறிவிட்டது. திறந்தேன். என்னுடையவற்றில் இரண்டு விரிசல் விட்டிருந்தன. உன்னுடையது முழுசாக இருக்கிறது, மச்சான். ஒரு பக்கம் கரி, மறுபக்கம் செங்கல் சிவப்பு. அம்மா விரலால் தட்டிப் பார்த்தார்கள். சாம்பலைத் துடைத்தார்கள், பூண்டைக் கொட்டினார்கள். கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்துவிட்டு, "மூடி எங்க?" என்றார்கள்.

இனி செய்யவேண்டியவை:

1. கிண்ணத்தின் வாயை அளந்துவிட்டேன். மண் காயும்போதும் சுடும்போதும் சுருங்கும். மூடியை அதற்கேற்பப் பெரிதாகச் செய்ய வேண்டும்.
2. இரண்டு மூட்டை மரத்தூள் சொல்லிவைக்க வேண்டும்.
3. மூடி பொருந்தாவிட்டால் இன்னொன்று. அதுவும் பொருந்தாவிட்டால் இன்னொன்று.