கோதுமை அறுத்த பிறகு

சேம்பர்ஸ்பர்க், பென்சில்வேனியா
1863 ஜூலை 14

என் அன்புக்குரிய கணவர் ஏனோக்குக்கு, உங்கள் கெசியா எழுதுவது.

முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். நான், குழந்தை ஹெட்டி, தங்கை லவினியா மூவரும் உயிரோடு இருக்கிறோம், இதே வீட்டில்தான் இருக்கிறோம். மற்றதை எல்லாம் இதை மனதில் வைத்துக்கொண்டு கேளுங்கள்.

கடற்கரை முகாமிலிருந்து நீங்கள் வேறொருவரை எழுதச் சொல்லி அனுப்பிய கடிதம் வந்தது. புதுப் பட்டாளச் சட்டையில் பித்தளைப் பொத்தான்கள் இருப்பதாகச் சொன்னீர்களே, ஹெட்டிக்கு அதுதான் பெரிய சேதி. போவோர் வருவோரிடமெல்லாம் "எங்கப்பா சட்டையில தங்கம் இருக்கு" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அவளுக்குச் சளி குறைந்திருக்கிறது. பன்றி விற்றாயிற்று. பீன்ஸ் நன்றாகக் காய்த்தது, ஆனால் குதிரைகள் மிதித்துவிட்டன.

குதிரைகள் என்றேன். சொல்லத்தான் வேண்டும்.

ஜூன் மாதம் நடுவில், தெற்குப் படை ஆற்றைத் தாண்டிவிட்டது என்று பேச்சு கிளம்பியது. அடிமைகளை விடமாட்டோம் என்று நாட்டையே உடைத்துக்கொண்டு போனவர்கள் இவ்வளவு வடக்கே வரமாட்டார்கள் என்று நம்பியிருந்தோம். மறுநாளே நம் கறுப்பு சனங்கள் மூட்டை முடிச்சோடு சாலையை நிரப்பிவிட்டார்கள். நம் போதகரும் போய்விட்டார். ஹெட்டிக்கு அப்போது காய்ச்சல் கொதித்தது. அவளைத் தூக்கிக்கொண்டு எங்கே போவேன்? லவினியாவோ நகர மறுத்தாள். "நான் யாருக்கும் அடிமையா இருந்தவ இல்ல. இந்த மண்ணுல பொறந்தவ. நான் எதுக்குக்கா ஓடணும்?" என்று இடுப்பில் கையை வைத்துக்கொண்டு கேட்டாள். சுதந்திரமாகப் பிறந்த கறுப்பர்களையும் அவர்கள் பிடித்துப்போய் விற்கிறார்கள் என்று சொன்னேன். அவள் காதில் ஏறவில்லை.

பக்கத்துப் பண்ணை ஸ்டவுஃபர் அம்மாதான் வழி சொன்னார். அவருடைய கோதுமை மார்பளவு நின்றது. "உள்ள போய்ப் படுத்துக்க. குதிரக்காரன் சாலையத்தான் பார்ப்பான், பயிர யார் பார்க்கப் போறா?" என்றார். விடிந்ததும் ஹெட்டியோடு உள்ளே போய்விடுவேன். துணியில் கொஞ்சம் சர்க்கரையை முடிந்து வாயில் கொடுத்தால் சும்மா இருப்பாள். வெயில், பூச்சி, அரிப்பு. ஒரு காக்கை கத்தினால்கூட ஹெட்டியை மண்ணோடு அமுக்கிக்கொள்வேன். லவினியா மட்டும் வீட்டுக்கும் வயலுக்குமாக நடந்துகொண்டிருந்தாள். ரொட்டி சுடுவாள், துணி துவைப்பாள், எங்களுக்குத் தண்ணீர் கொண்டுவருவாள்.

உங்களுக்கு இதைப் படித்துக் காட்டும் சகோதரர் யாரானாலும், தயவுசெய்து இனி வருவதை மெதுவாகப் படியுங்கள்.

அன்று காலை லவினியா கிணற்றடியில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். ஐந்து பேர் குதிரையில் வந்தார்கள், பின்னால் சாலையில் ஒரு வண்டி வந்து நின்றது. ஒருவன் இறங்கி, வீட்டுக்குள் போய்ப் பார்த்துவிட்டு வந்து, "ஏனோக்குன்னு ஒருத்தன் இங்க இருக்கானாமே. எங்க மாமாவோட அடிமை, ஓடிவந்தவன். எங்க அவன்?" என்று கேட்டான். உங்கள் பெயர் அவன் வாயிலிருந்து வந்ததும் கோதுமைத் தாள்களின் இடுக்கு வழியே அவன் முகத்தைப் பார்த்தேன். அவன் இடப்புருவம் நடுவில் பிளந்திருந்தது. வர்ஜீனியாவில் சிறுவயதில் உங்களைக் குதிரையாக்கி ஏறிச் சவாரி செய்தவன் என்று சொல்வீர்களே, விழுந்து புருவம் கிழிந்ததற்கு உங்கள் முதுகு பதில் சொன்னது என்பீர்களே, அவனேதான்.

லவினியா துணியைப் பிழிந்துகொண்டே, "எங்க அத்தானா? உங்களத் தேடித்தான் தெற்க போயிருக்காரு, கையில துப்பாக்கியோட. வழியில பாக்கலையா?" என்றாள்.

மற்ற நால்வருக்கும் முகம் சிவந்தது. அவன் மட்டும் சிரித்தான். ஏதோ பழைய வீட்டு வேலைக்காரியிடம் பேசுவதுபோல, "அப்ப அவனுக்குப் பதிலா நீ வந்துடு" என்றான். அந்தச் சிரிப்பு இப்போதும் என் காதில் இருக்கிறது. பெட்டியிலிருக்கும், சுதந்திரமாகப் பிறந்தவள் என்ற சான்றை எடுத்துக் காட்டுகிறேன் என்று அவள் சொல்லி முடிப்பதற்குள் கையைக் கட்டிவிட்டார்கள்.

ஹெட்டி "சித்தி" என்று வாயெடுத்தாள். நான் அவள் வாயைப் பொத்தினேன். என் விரலைக் கடித்தாள், நான் கையை எடுக்கவில்லை. அவ்வளவுதான் நான் செய்தது.

ஸ்டவுஃபர் அம்மா ஓடிவந்து வண்டியை மறித்தார். "இவ என் வீட்டுப் பொண்ணு! இங்கயே பொறந்தவ! விடுங்கடா!" என்று ஜெர்மனும் ஆங்கிலமும் கலந்து கத்தினார். குதிரையை அவர்மேல் விட்டார்கள். விழுந்து முழங்கால் பிசகி இன்னும் தடியோடு நடக்கிறார். வண்டியில் ஏற்கெனவே பெண்களும் குழந்தைகளும் நிறைய இருந்தார்கள். நம் தேவாலயத்தில் பாடுகிற பெண்கள் இருவரைப் பார்த்தேன். யாரும் அழவில்லை. அதுதான் அதிகம் பயமாக இருந்தது.

அதன்பின் வீட்டுக்குள் போகத் துணிவில்லை. வயலிலேயே கிடந்தோம். லவினியா இப்போது ஆற்றைத் தாண்டியிருப்பாள், இப்போது அடிமைச் சந்தையில் நிற்பாள் என்று நினைத்துக்கொண்டு படுத்திருந்தேன். ஜெபம்கூட வரவில்லை.

சில நாள் கழித்து ஒற்றைச் செருப்போடு சாலையில் ஒருத்தி நடந்து வந்தாள். அவள் கழுத்தைச் சாய்த்து நடப்பதைப் பார்த்துத்தான் லவினியா என்று தெரிந்துகொண்டேன். அடுத்த ஊரில் சனங்கள் கூடி வண்டிகளை மறித்து, காவலுக்கு வந்த சிப்பாய்களைப் பிடித்துக் கட்டிப்போட்டு, இவர்களை அவிழ்த்துவிட்டார்களாம். வெள்ளைக்காரர்கள்தான், கடைக்காரர்களும் கொல்லர்களும். கொஞ்ச நேரத்தில் தெற்குப் படை அதிகாரி ஒருவன் ஆள் அனுப்பி, அவிழ்த்துவிட்ட பெண்களைத் திருப்பித் தராவிட்டால் ஊரைக் கொளுத்துவேன் என்றானாம். அப்போது லவினியாவும் இன்னும் சில பெண்களும் தெருவில் வந்து நின்று, "எங்களக் குடுத்துடுங்க, உங்க வீடு எரிய வேணாம்" என்று சொன்னார்களாம். ஊரார் அவர்களை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்திவிட்டார்களாம். கொளுத்த யாரும் வரவில்லை.

இதை அவள் சொன்னபோது நான் அவள் கால்களைக் கழுவிக்கொண்டிருந்தேன். வாயை அடக்கியிருந்தால் உன்னை விட்டிருப்பானே, எதற்கு அவனைச் சீண்டினாய் என்று அழுதுகொண்டே திட்டினேன். அவள் என்னைப் பார்க்காமல் சொன்னாள்: "காத்தே இல்லக்கா. ஆனா கோதும ஒரு எடத்துல மட்டும் ஆடுச்சு. அவன் அந்தப் பக்கம் திரும்புனான். அதான் வாயக் குடுத்தேன்."

ஹெட்டி காய்ச்சலில் புரண்டிருப்பாள். நான் கவனிக்கவே இல்லை.

அதன்பின் கிழக்கே மலைக்கு அப்பால் பெரிய சண்டை. பீரங்கிச் சத்தத்தில் அலமாரித் தட்டுகள் கிணுகிணுத்தன. தெற்குப் படை தோற்றுத் திரும்பிவிட்டது என்று பட்டணத்தில் மணி அடித்தார்கள். நானும் போய்க் கேட்டுவிட்டு வந்தேன். ஆனால் வந்த வழி அவர்களுக்குத் தெரிந்துவிட்டதே. அந்தப் புருவக்காரனுக்கு நம் கிணறு தெரியும், கதவு தெரியும். ஸ்டவுஃபர் வீட்டார் மிஞ்சிய கோதுமையை அறுத்துவிட்டார்கள். இப்போது வாசலில் நின்றால் சாலை வரை வெட்டவெளி. குளம்புச் சத்தம் கேட்டால் நானும் ஹெட்டியும் எங்கே போவது என்று தெரியவில்லை. பிலடெல்பியா போய்விடலாமா என்றால் லவினியா இன்னும் "நான் எதுக்கு ஓடணும்" என்றுதான் சொல்கிறாள். ஆனால் இப்போது அவள் கதவுக்கு முதுகு காட்டி உட்காருவதில்லை. நீங்கள்தான் முடிவு சொல்ல வேண்டும். சொல்கிறபடி செய்கிறேன்.

பிடிபட்ட கறுப்புச் சிப்பாய்களைச் சிறையில் வைக்கமாட்டார்கள், ஒன்று விற்பார்கள், இல்லை தூக்கில் போடுவார்கள் என்று பத்திரிகையில் எழுதியிருக்கிறது. அந்தத் தாளை மடித்து வேதப்புத்தகத்துக்குள் வைத்திருக்கிறேன். இந்த நிலையில் அந்தப் புருவக்காரனைப் பற்றி உங்களுக்கு எழுதலாமா என்று பலமுறை யோசித்தேன். மறைத்தால் நாளைக்கு வேறு யாராவது சொல்வார்கள். அதனால் எழுதிவிட்டேன்.

உங்களை எனக்குத் தெரியும். இதைக் கேட்டதும் எழுந்து போய்த் துப்பாக்கியைத் துடைப்பீர்கள். கெஞ்சிக் கேட்கிறேன், புகை நடுவே அந்தப் புருவத்தைப் பார்த்தாலும் வரிசையை விட்டு விலகாதீர்கள். உங்கள் தோழர்கள் பக்கத்திலேயே நில்லுங்கள். அவன் சாவு எங்களுக்கு வேண்டாம். அவன் செத்து என் வீட்டில் அடுப்பு எரியப்போவதில்லை.

போகிற வழியிலும் திரும்பி வருகிற வழியிலும் கர்த்தர் உங்கள் முன்னே நடப்பாராக. இரண்டாவது வழியையும் அவர் மறந்துவிடக்கூடாது என்று தினமும் அவருக்கு நினைவூட்டிக்கொண்டிருக்கும்,

உங்கள் மனைவி,
கெசியா