தெரியாததை விட்டுவிடு

சென்னை,
2.4.87

அன்புத் தங்கை சகாயத்துக்கு,

பல் மருத்துவத்துக்கு நீ மறுபடி எழுதப்போவதில் சந்தோஷம். முக்கியமான சேதி. நுழைவுத் தேர்வில் மார்க் போடும் முறையை இந்த வருஷம் மாற்றிவிட்டார்கள். தப்பான விடைக்கு மார்க் கழிப்பார்கள். போன வருஷம் போல எல்லாவற்றையும் குத்துமதிப்பாக நிரப்பாதே. தெரியாததை விட்டுவிடு. மாதிரி வினாத்தாள்கள் அனுப்பியிருக்கிறேன். விட்டுப் பழகு.

அப்பா குடிக்கிறாரா? மறைக்காமல் எழுது.

உன் அண்ணன்,
பவுல்துரை


ஆரணி,
24.4.87

அண்ணனுக்குத் தோத்திரம்.

விடுவதுதான் கஷ்டம். தறியில் ஓர் இழை அறுந்து, முடிச்சுப் போடாமல் விட்டால் முதுகில் அடி விழும். அப்படி வளர்ந்த கை. காலிக் கட்டத்தைப் பார்த்தால் தோள் தானாகக் குறுகுகிறது. ஆனாலும் மார்க் ஏறுகிறது.

அப்பா குடிப்பதில்லை. அடிக்க அவருக்குக் குடி தேவையில்லை.

இடம் கிடைக்காவிட்டால் எனக்குக் கல்யாணம். களம்பூரில் ரைஸ் மில் மாப்பிள்ளை. முதல் மனைவி மண்டை உடைந்து தாய்வீடு போனவளாம்.

ஈஸ்டருக்கும் நீ வரவில்லை. அம்மா வாசலைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

சகாயமேரி


ஆரணி,
6.5.87

அண்ணா,

இடது கையால் எழுதுகிறேன்.

அப்பா வினாத்தாளைப் பார்த்துவிட்டார். "இன்னாடி இது, பாதிய வெறுமனே வுட்டுக்கினு? இழை வுட்ட பொடவைய எவன் வாங்குவான்?" தப்பானால் கழிப்பார்கள் என்றேன். "உங்கண்ணன் சொன்னானா? சோம்பேறிக்கு சோம்பேறி வாத்தியாரு!"

தறியில் இழை ஓட்டும் நாடாக்கட்டையை எடுத்து வலது கையில் அடித்தார். அதன் முனை இரும்பு. நடுவிரல் கறுத்துவிட்டது. தடுக்க வந்த அம்மாவுக்கு உதடு கிழிந்தது. ரத்தம் தறியில் நீட்டியிருந்த பாவில் தெறித்ததும் நிறுத்தினார். பட்டு கெட்டுவிடும்.

தேர்வுக்குள் விரல் மடங்க வேண்டும்.

சகாயம்


சென்னை,
11.5.87

சகாயம்,

சனிக்கிழமை வருகிறேன். நீ படி. மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

இடம் கிடைத்ததும் நம் வீட்டில் தங்கிப் படிக்கலாம். உன் அண்ணி ரோசம்மாள் இப்போதே அறையை ஒழித்துவைத்துவிட்டாள்.

பவுல்துரை


சென்னை,
20.5.87

சகாயம்,

நான் கிளம்பும்போது நீ ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. ஏன்? இனி அப்பா உன் மேல் கை வைக்க மாட்டார். அவர் விலா எலும்பு கூடிவிடும். சின்ன வயதில் நான் வாங்கியதையெல்லாம் சேர்த்துக் கொடுத்தேன், அவ்வளவுதான்.

தேர்வை நன்றாக எழுது. பதில் போடு.

அண்ணன்


ஆரணி,
18.7.87

அண்ணனுக்குத் தோத்திரம்.

இடம் கிடைத்துவிட்டது. சென்னையிலேயே. விரல் வலியோடு, தெரிந்ததை மட்டும் எழுதினேன். நீ சொன்ன முறை. அதற்கு நன்றி.

ஏன் பேசவில்லை என்று கேட்டிருந்தாய்.

அன்று அப்பாவைத் தறிக்குழியில் தள்ளினாய். கீழே கிடந்தவரை மிதித்தாய். அவர் சத்தம் நின்ற பிறகும் மிதித்தாய். "போதும்டா, செத்துடுவாரு" என்று அம்மா உன் காலைப் பிடித்தாள். உதறினாய். உன் குதிகால் அவள் வாயில் பட்டது. முன்பல் போய்விட்டது. நீ திரும்பிப் பார்க்கவில்லை. உன்னிடம் சொல்லக்கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டாள்.

பிறகு கை கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்து, "சோறு போடுமா" என்றாய். அடித்து முடித்ததும் அப்பா கேட்பதும் அதுதான். அம்மா வாயை முந்தானையால் பொத்திக்கொண்டு போட்டாள். நீ இரண்டாம் தரம் ரசம் கேட்டாய்.

அண்ணி சித்திரை வெயிலிலும் ஏன் முழுக்கை ரவிக்கை போடுகிறாள் என்று அப்போதுதான் யோசித்தேன்.

அம்மாவை இங்கே பக்கத்துச் சேத்துப்பட்டில் பெரியம்மா வீட்டில் விட்டுவிட்டு வருகிறேன். எனக்கு விடுதியில் இடம் வாங்கியாகிவிட்டது. உன் வீட்டுக்கு வரமாட்டேன். நீயும் விடுதிக்கு வராதே. வந்தால் உள்ளே விடமாட்டார்கள். என்னைப் பார்க்க வரலாம் என்று வார்டனிடம் ஒரு பெயர்தான் கொடுத்திருக்கிறேன். ரோசம்மாள்.

அவளைத் தனியாக அனுப்பு.

சகாயமேரி