பக்கத்து மாநிலத்தின் கடைசி நாள்

ஜூன் 18, புதன்

மகளின் நர்சிங் விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் நேற்றோடு முடிந்துவிட்டது. இருபத்தைந்தாம் தேதி வரை இருக்கிறது என்று ஒரு வாரமாக நிம்மதியாக இருந்தேன். 'நர்சிங் விண்ணப்பம் கடைசி நாள்' என்று போனில் தேடியபோது முதலில் வந்தது அதுதான். அது தமிழ்நாட்டுக்கான தேதி. காரைக்காலில் இருக்கிற நாங்கள் புதுச்சேரிக்கு விண்ணப்பிக்க வேண்டும்.

இன்று மாலை அவளே போனில் ஏதோ ஒரு புதுத் தேடல் செயலியில், ஆளிடம் பேசுகிற மாதிரி கேட்டாள். "நான் காரைக்கால் பொண்ணு. நர்சிங் சேர எப்ப வரைக்கும் அப்ளை பண்ணலாம்?"

அது வார்த்தையை மட்டும் பார்க்கவில்லை. கேட்பது யார், எதற்குக் கேட்கிறாள் என்று புரிந்துகொண்டு புதுச்சேரி அறிவிப்பை எடுத்த எடுப்பில் காட்டியது. கடைசி நேரம் நேற்று மாலை ஐந்து மணி.

"நீங்க தேடினப்ப அதுக்கு நம்ம எந்த ஊருன்னு புரியலப்பா" என்றாள். கோபப்படவில்லை. கோபப்பட்டிருக்கலாம்.

திருநள்ளாற்றில் என் அர்ச்சனைக் கடைக்கு வரும் வெளியூர்க்காரர்களிடம் தினமும் பத்து தடவையாவது சொல்கிறேன், "இது தமிழ்நாடு இல்லீங்க, புதுச்சேரி" என்று.

அந்தத் தேடலுக்குப் புரியவில்லை, சரி. எனக்கு?